பென்சில் முனையில் குமிழி, கோடைக்கானலில் சூரியன்: டிகிரி இல்லாத ஒரு கெமிஸ்ட்டின் கதை!

கோடைக்கானல் டிரிப்னா உங்க லிஸ்ட்ல என்னவெல்லாம் இருக்கும்? ஏரியில் போட்டிங், கோக்கர்ஸ் வாக்கில் ஒரு செல்ஃபி, தூண் பாறையில் பனி விலகுமான்னு ஒரு காத்திருப்பு, திரும்பும்போது கொஞ்சம் சாக்லேட், கொஞ்சம் மலைப்பூண்டு. அவ்வளவுதானே?

அதே ஊரில், 2,343 மீட்டர் உயரத்தில், நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வகம் இருக்கிறது. அதற்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தவரின் பெயர் ஜான் எவர்ஷெட். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. வீட்டுத் தோட்டத்தில் தானே கருவி செய்து, தானே சோதித்துப் பார்த்து, விஞ்ஞானி ஆனவர்.

அவர் கதைக்குள் போறதுக்கு முன்னாடி, நீங்களும் ஒரு கருவி செய்யணும். பயப்படாதீங்க, நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

தண்ணியை உடைப்போமா?

தேவையானவை: ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டுப் பென்சில், ஒரு பிளாஸ்டிக் கப், இரண்டு துண்டு ஒயர், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்ச் இரண்டு (ஊசி வேண்டாம்), கொஞ்சம் எம்-சீல், ஒரு ஸ்பூன் சமையல் சோடா.

பென்சில்களை இரண்டு பக்கமும் சீவிக்கொள்ளுங்கள். கப்பின் அடியில் இரண்டு ஓட்டை போட்டு, அவற்றைச் செங்குத்தாகச் சொருகி, தண்ணீர் ஒழுகாதபடி எம்-சீல் வையுங்கள். கப்பில் சோடா கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். சிரிஞ்சுகளின் உள்தண்டை உருவிவிட்டு, முனையை அடைத்து, அதே தண்ணீரை நிரப்பி, பென்சில் முனைகளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒயரால் பேட்டரியோடு இணைத்தால் வேலை முடிந்தது. 

இரண்டு முனைகளிலும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் வருவது ஹைட்ரஜன். பாசிட்டிவ் பக்கம் ஆக்சிஜன். தண்ணீரின் ஒரு மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு என்பதால், ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு வரணும். சிரிஞ்சில்தான் மில்லி கோடு இருக்கிறதே, அளந்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் என்ற நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீக்குச்சி, விளக்கு எதுவும் வேண்டாம். ஹைட்ரஜன் பட்டென்று பற்றிக்கொள்ளும்.

கால் மணியோ அரை மணியோ கழித்து அளந்தால், பெரும்பாலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். ஹைட்ரஜன் 2 மில்லி இருந்தால் ஆக்சிஜன் 1 மில்லி இருக்காது, குறைவாகத்தான் இருக்கும். பாடப்புத்தகம் சொன்னது ஒன்று, உங்கள் கப் சொல்வது வேறு.

இந்த இடத்தில் நீங்க என்ன செய்வீங்க? நோட்டில் 2:1 என்று எழுதிவிட்டுப் போவீங்களா? கையை மனசுல வச்சுச் சொல்லுங்க, ஸ்கூல் லேபில் நாம எல்லோரும் அதைத்தான் செய்தோம். எவர்ஷெட் அப்படிச் செய்யாத ஆள். அவர் கதையே அதுதான்.

பகலில் கம்பெனி, மிச்ச நேரத்தில் சூரியன்

1864 பிப்ரவரி 26. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள கோம்ஷால் கிராமத்தில் பிறந்தார் எவர்ஷெட். பள்ளிப்படிப்போடு சரி. தொழில் நிறுவனத்தில் கெமிஸ்ட் வேலை. நம்மில் பலரைப் போல, சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை.

மனசுக்குப் பிடித்த வேலை, சூரியன். 1890-ல் கென்லி என்ற ஊரில் சொந்தமாக ஒரு சிறு ஆய்வகம் போட்டார். அமெச்சூர் வானியலாளர்களுக்காக அதே வருஷம் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்துகொண்டார். ராணியார்ட் என்ற வானியல் நண்பர் 1894-ல் இறந்தபோது, தன்னுடைய 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்ஷெட்டுக்கு விட்டுச் சென்றார்.

தொலைநோக்கி கிடைத்தால் போதுமா? சூரியனின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமே. அதற்கான கருவிகளைக் கடையில் வாங்குவதைவிடத் தானே வடிவமைத்துச் செய்வதுதான் அவர் பழக்கம். பட்டகம், லென்ஸ், பிளவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். சோதிப்பார். சரியில்லை என்றால் பிரித்துப் போட்டு மறுபடியும் சேர்ப்பார்.

வெளிச்சத்தைப் பிரிக்கிறதுல அப்படி என்ன இருக்குன்னு கேட்கிறீங்களா? உங்கள் சிரிஞ்சில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு நிறமே கிடையாது. அதையே குறைந்த அழுத்தத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால், இளஞ்சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் முழு வானவில் வராது. சிவப்பில் ஒரு கோடு, நீலப்பச்சையில் ஒரு கோடு, ஊதாவில் சில கோடுகள், அவ்வளவுதான். ஹைட்ரஜனின் கைரேகை அது. அதே கோடுகள் சூரிய ஒளியிலும் தெரிந்தால், 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் இதே ஹைட்ரஜன்தான் என்று அர்த்தம்.

தால்னியில் சிக்கிய வெளிச்சம்

1898 ஜனவரி 22. இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள தால்னி என்ற ஊருக்கு, வானியல் சங்கத்தின் குழுவோடு வந்து இறங்கினார் 33 வயது எவர்ஷெட். கையில் தன் கேமரா.

சூரியன் முழுசாக மறையும் அந்த நொடியில், அதன் ஓரத்தில் இருக்கும் வாயு அடுக்கு மட்டும் ஒரு கணம் பளிச்சிடும். அந்தக் கணத்தை அவர் படம் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதியில் ஹைட்ரஜன் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி, நெருங்கி, ஓர் எல்லையில் முட்டி நின்றன. அந்த எல்லையைத் தாண்டியும் ஒரு மங்கலான ஒளிப்பட்டை தொடர்ந்தது. சூரிய ஓரத்து ஹைட்ரஜனின் அந்த ஒளிப்பட்டை படத்தில் சிக்கியது அதுதான் முதல்முறை.

அது ஏன் வருகிறது என்பதற்கு விடை பிறகுதான் கிடைத்தது. நீங்கள் பேட்டரியால் தண்ணீரை உடைத்தீர்கள் அல்லவா? சூரியனின் வெப்பம் ஹைட்ரஜன் அணுவையே உடைத்துவிடுகிறது, எலெக்ட்ரான் தனியாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. அந்த எலெக்ட்ரான் மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும்போது வெளிவரும் வெளிச்சம்தான் அந்தப் பட்டை. வீட்டில் கருவி செய்து பழகிய ஒரு கம்பெனி கெமிஸ்ட், பெரிய பெரிய ஆய்வகங்களுக்குச் சிக்காததைப் பிடித்துவிட்டார்.

கிரகணப் பயணங்கள் அவருக்கு இன்னொன்றையும் கொடுத்தன. 1896-ல் நார்வேக்குக் கிரகணம் பார்க்கப் போனபோது மேரி ஆக்வொர்த் ஓர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவரும் வானியல் பைத்தியம். ஆஸ்திரேலியாவில் இருந்தபோது தென்வானத்து விண்மீன்களுக்கு எளிய கையேடு எழுதியவர். பத்து வருஷம் கழித்து, 1906-ல் கல்யாணம். அந்த வருஷமே கோடைக்கானலில் உதவி இயக்குநர் வேலையும் வந்தது.

பஞ்சம் கொண்டுவந்த ஆய்வகம்

கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் எதற்கு? அதன் பின்னால் இருப்பது நம்ம ஊர்ப் பெரும் துயரம். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டோ என்று அன்றைய அறிவியல் உலகம் யோசித்தது. சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் புள்ளிகள் பெருகி, குறையும். நம்ம குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது மாதிரி, சூரியனுக்கும் ஒரு கணக்கு.

சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்று முடிவானது. மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் நீலகிரியையும் பழனி மலையையும் சோதித்துப் பார்த்து, கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-ல் அடிக்கல். 1899-ல் ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. புள்ளியை வைத்து மழையைக் கணிக்கும் கனவு கடைசிவரை பலிக்கவில்லை. ஆனால் அந்தக் கனவால்தான் மலை மேல் ஒரு தொலைநோக்கி ஏறியது.

1907 ஜனவரியில் எவர்ஷெட்டும் மேரியும் வந்து சேர்ந்தார்கள். இன்று பஸ் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை அப்போது கிடையாது. ரயிலில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறவேண்டிய காலம். சாமான்கள் எல்லாம் மனிதத் தோள்களில்தான் மேலே போகும்.

பனோரமா மோடில் சூரியன்

அங்கே அவருக்காக ஒரு கருவி காத்திருந்தது. சூரியனை ஒரே ஒரு நிறத்தில் மட்டும் படமெடுக்கும் நிறமாலைப் பதிவுக் கருவி. அது எப்படி வேலை செய்யும் என்பதை உங்கள் போனை வைத்தே சொல்லிவிடலாம். பனோரமா மோடில் கையை மெதுவாக நகர்த்தினால், போன் துண்டு துண்டாகப் படம் சேர்க்கும் இல்லையா? இங்கே சூரியனின் பிம்பம் ஒரு மெல்லிய பிளவின் மேல் மெல்ல நகரும். பிளவில் நுழையும் ஒளி நிறம் நிறமாகப் பிரியும். இரண்டாவது பிளவு, அதில் ஒரே ஒரு கோட்டை மட்டும் உள்ளே விடும். பின்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில் பட்டை பட்டையாக முழுச் சூரியனும் பதிவாகும்.

கேட்க எளிது. ஆனால் நகர்வு ஒரு துளி நடுங்கினாலும் படம் பாழ். எவர்ஷெட் தன் பழைய குணத்தைக் காட்டினார். கருவியில் மாற்றங்கள் செய்து, சோதித்து, தினசரி வேலைக்குத் தயார்படுத்தினார். அந்தக் கருவி கால்சியத்தின் ஒளியில் படமெடுத்தது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில் படமெடுக்க இன்னொன்றை அவரே உருவாக்கினார். 1912-லிருந்து அந்தப் படங்கள் சேரத் தொடங்கின. பென்சில் முனையில் நீங்கள் பார்த்த அதே வாயு, இங்கே சூரியனின் முகத்தில் இழை இழையாக, மேகம் மேகமாக.

1909, ஜனவரி 5

இப்போது கதையின் முக்கியமான நாளுக்கு வருவோம்.

1908-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல் என்ற பெரிய விஞ்ஞானி, கரும்புள்ளிகளைச் சுற்றி ஹைட்ரஜன் சுழல் சுழலாக இருப்பதைப் படமெடுத்தார். அந்தப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதையும் கண்டுபிடித்தார். உலகமே அசந்துபோனது. அப்படியானால் கரும்புள்ளி என்பது புயல் மாதிரி சுற்றும் ஒரு சுழி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியை அளந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார்.

அளப்பது எப்படி? ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்கும், கடந்து போனதும் சத்தம் தணியும். ஒளிக்கும் அதே விதி. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். புள்ளி சுற்றுகிறது என்றால், சுற்றும் வாக்கில் ஒரு பக்கம் நீலத்துக்கும் எதிர்ப்பக்கம் சிவப்புக்கும் கோடு சாயணும்.

ஜனவரி 5 அன்று படம் எடுத்தார். கோடுகள் சாய்ந்தன. ஆனால் தப்பான வாக்கில்!

சுழலும் வாயு காட்ட வேண்டிய சாய்வு அதில் இல்லை. சூரிய வட்டத்தின் நடுவே புள்ளி இருக்கும்போது சாய்வே இல்லை. ஓரத்தை நோக்கிப் போகப் போக அதிகமானது. சாய்ந்த வாக்கு சுழிக்குப் பொருந்தவில்லை. கரும்புள்ளியின் நடுவிலிருந்து, அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிற ஓரத்தின் வழியே, வாயு எல்லாத் திசைகளிலும் வெளியே பாய்கிறது. அதுவும் மேற்பரப்பை ஒட்டியபடி, படுக்கை வாக்கில். இதுதான் ஒரே விளக்கம். வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கோடைக்கானலிலிருந்து பழனிக்கு அரை நிமிஷத்தில் போய்விடலாம்.

யோசித்துப் பாருங்கள். எதிரே நிற்பது உலகின் பெரிய சூரிய ஆய்வகம், அந்தத் துறையின் முதல் நட்சத்திரம். இந்தப் பக்கம் பட்டமில்லாத ஒரு 44 வயது உதவி இயக்குநர். தன் கருவியில்தான் கோளாறு என்று சொல்லி அந்தத் தகடுகளை ஓரம் கட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. மேலும் புள்ளிகளைப் படமெடுத்தார், அளந்தார், 1909-லேயே கோடைக்கானல் ஆய்வகத்தின் வெளியீட்டில் உலகத்துக்குச் சொல்லிவிட்டார். தான் செய்த கருவிகளின் குற்றம் குறை ஒவ்வொன்றும் தெரிந்தவருக்கு, எது கருவியின் பிழை, எது சூரியனின் பேச்சு என்றும் தெரிந்திருந்தது.

இன்றும் அதற்குப் பெயர் எவர்ஷெட் விளைவு. வேகமான கணினி மாதிரிகள் வந்த பிறகும், இந்த நூற்றாண்டிலும், அதன் நுணுக்கங்களை ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜெயிப்பு மட்டுமா?

1911-ல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். 1915-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1918-ல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம். இடையில் காஷ்மீருக்கும் போய், அங்கே தற்காலிக ஆய்வகம் போட்டுச் சூரியனைப் பார்த்தார்.

மேரி சும்மா கூட வந்தவர் அல்ல. சூரிய ஓரத்தில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றித் தனியாக ஆய்வுக் கட்டுரை எழுதினார். கணவருடன் சேர்ந்து 1917-ல் பெரிய தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார். ஆனாலும் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது 1924-ல்தான். ஆய்வகத்தில் தினந்தோறும் தகடு பதித்து, கழுவி, அளந்த இந்திய உதவியாளர்களைப் பற்றியோ நமக்கு இன்னும் குறைவாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

சறுக்கலும் இருந்தது. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, சூரியனின் ஈர்ப்பால் அதன் ஒளிக்கோடுகள் லேசாகச் சிவப்புப் பக்கம் நகர வேண்டும். எவர்ஷெட் அதை அளந்தார். வெள்ளிக் கிரகத்தில் பட்டு வரும் சூரிய ஒளியையும் அளந்தார். அதில் விசித்திரமான ஒரு வேறுபாடு தெரிய, பூமிக்கே இதில் ஏதோ பங்கு இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். மற்றவர்களின் அளவீடுகள் அதை ஆதரிக்கவில்லை. அந்த யோசனை அப்படியே மங்கிப்போனது.

1922 செப்டம்பர் 21. ஐன்ஸ்டைனைச் சோதிக்க ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் உலகக் குழுக்கள் கூடின. கோடைக்கானலிலிருந்து எவர்ஷெட்டும் போனார். அருமையான வானம். ஆனால் அவர் கருவி காலை வாரிவிட்டது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்கக் குழு வெற்றியோடு திரும்பியது. வாழ்நாள் முழுக்கக் கருவிகளோடு வாழ்ந்தவரையும் கருவி கைவிடும். ஆனால் அளந்தது ஒன்று, சொன்னது வேறு என்ற பேச்சுக்கு அவரிடம் இடமில்லை.

மறுபடியும் வீட்டுத் தோட்டம்

1923-ல் ஓய்வு. இங்கிலாந்து திரும்பிய எவர்ஷெட், சர்ரேயின் யூஹர்ஸ்ட் கிராமத்தில் என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் வீட்டிலேயே ஓர் ஆய்வகம்! கண்ணாடிக்குப் பதில் திரவம் நிரப்பிய பெரிய பட்டகங்களை வைத்துச் சூரியக் கோடுகளை அளந்தார். 60 வயதில் தொடங்கிய இந்த இரண்டாவது இன்னிங்ஸ் முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நீண்டது. மேரி 1949-ல் காலமானார். எவர்ஷெட் 1956 நவம்பர் 17-ல், 92 வயதில் மறைந்தார். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோடைக்கானலில் சேர்ந்த கண்ணாடித் தகடுகள் இன்று டிஜிட்டலாகிவிட்டன. நூறு வருஷச் சூரியனை ஒரே வரிசையில் பார்க்க விரும்பும் விஞ்ஞானிகள், உலகின் எந்த மூலையிலிருந்தும் இந்த மலைக்குத்தான் வரவேண்டும், குறைந்தபட்சம் இணையம் வழியாகவாவது.

சரி, உங்கள் கப்புக்குத் திரும்புவோம். ஆக்சிஜன் ஏன் குறைந்தது? ஹைட்ரஜனைவிட அது தண்ணீரில் அதிகமாகக் கரையும். போதாததற்கு, பென்சிலின் கார்பனையும் கொஞ்சம் தின்று தீர்க்கும். பாசிட்டிவ் பக்கப் பென்சிலை உற்றுப் பாருங்கள், முனை அரித்துப் போய், தண்ணீரில் கரித்தூள் மிதக்கும். 2:1 என்று பொய்யாக எழுதியிருந்தால், இது உங்கள் கண்ணில் பட்டே இருக்காது.

தண்ணியிலேயே பைக் ஓடும் என்று அடுத்த முறை யாராவது வீடியோ அனுப்பினாலும் இதையே செய்யுங்கள். பேட்டரி எவ்வளவு கொடுத்தது, ஹைட்ரஜன் எவ்வளவு திருப்பிக் கொடுக்கும் என்று கேளுங்கள். உடைக்கச் செலவான ஆற்றலைவிட எரிக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவுதான்.

அடுத்த கோடை டிரிப்பில் லிஸ்ட்டில் ஓர் இடம் கூட்டிக்கொள்ளுங்கள். மலை மேல் அந்த வெள்ளை மாடக் கூரையைப் பார்க்கும்போது, உங்கள் நோட்டில் நீங்கள் எழுதிய எண் எது என்பதும் நினைவுக்கு வரட்டும்.